கணக்குப் படிக்க ஒரு வகுப்பு வேண்டும்

(தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில், வன்னியிலிருந்து வந்திருந்த ஆசிரியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)





நாங்கள் கிளிநொச்சிப் பக்கமிருந்து வந்திருக்கிறோம். ஆனால் இந்த மலைக்கு நாங்கள் வெளியாட்கள் அல்ல. எங்கள் பாட்டன் பாட்டிமார் இங்கே லயத்தில் பிறந்து, இங்கேயே கொழுந்து எடுத்தவர்கள். 1958ஆம் ஆண்டிலும் 1977ஆம் ஆண்டிலும் நடந்த வன்செயல்கள், எழுபதுகளில் தோட்டங்களில் வந்த பட்டினி, இவற்றால்தான் எங்கள் குடும்பங்கள் மலையை விட்டு இறங்கின. வன்னிக் காட்டை வெட்டிக் குடியேறின. மலையாளபுரம், பாரதிபுரம், தர்மபுரம், சாந்தபுரம் என்று அங்கே ஊர்கள் இருக்கின்றன. உங்களில் பலருக்கு அங்கே சொந்தக்காரர் இருப்பார்கள். ஆகவே சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர்களைப் போலத்தான் பேசப் போகிறோம். குறையைச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்று நாங்கள் பேச வந்தது ஒரே ஒரு விஷயம். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் நல்லாச் செய்த பிள்ளை, உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்க முடியாமல் போவது ஏன்? அதற்கு நாம் என்ன செய்யலாம்?

முதலில் எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பெயர்கள் வேண்டாம். கூலி வேலை செய்கிற ஒரு தகப்பனுடைய மகள். சாதாரண தரத்தில் கணிதத்தில் ஏ சித்தி. அவள் படித்த பாடசாலையில் உயர்தரம் இருக்கிறது, ஆனால் கலைப்பிரிவு மட்டும். கணிதப் பிரிவு உள்ள பாடசாலைக்குப் போக வேண்டுமானால் காலையில் ஒரு பஸ், அதைத் தவறவிட்டால் அன்று பள்ளிக்கூடம் இல்லை. தாய் எங்களிடம் சொன்னா: "சேர், பொம்பளப் புள்ள. இருட்டுல போயி இருட்டுல வரணும். பஸ் காசுக்கும் வழியில்ல. இங்கயே என்னத்தையாவது படிக்கட்டும்." அந்தப் பிள்ளை கலைப்பிரிவில் சேர்ந்தது. கலைப்பிரிவு தாழ்ந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. விரும்பிப் படித்தால் எல்லாப் பாடமும் உயர்ந்ததுதான். ஆனால் அந்தப் பிள்ளை விரும்பி எடுக்கவில்லை. பஸ்தான் அவளுக்குப் பாடத்தைத் தெரிவு செய்து கொடுத்தது.

இந்தக் கதை வன்னிக்கு மட்டும் உரியது அல்ல என்று உங்களுக்குத் தெரியும். "எங்க தோட்டத்திலயும் இதுதானே" என்று உங்களில் சிலர் தலையாட்டுவதைப் பார்க்கிறோம்.

இலங்கையில் ஏறக்குறைய 10,000 அரசாங்கப் பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். 1 ஏபி என்ற வகையில்தான் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உண்டு. 1 சி என்ற வகையில் உயர்தரம் உண்டு, ஆனால் கலையும் வர்த்தகமும்தான். இரண்டாம் வகையில் 11ஆம் ஆண்டோடு சரி. மூன்றாம் வகை சிறிய பிள்ளைகளுக்கு உரியது. இதில் 1 ஏபி வகைப் பாடசாலைகள் பத்தில் ஒன்று அளவில்தான் இருக்கின்றன. அவை பெரும்பாலும் நகரத்திலும் பெருந்தெருவின் ஓரத்திலும் இருக்கின்றன. லயத்துக்குப் பக்கத்தில் உள்ளதும் காட்டுக் கிராமத்தில் உள்ளதும் கீழ் வகைகள்தான்.

வன்னியில் வவுனியா தமிழ் மத்திய மகா வித்தியாலயம், கிளிநொச்சி மத்திய கல்லூரி, முள்ளியவளை வித்தியானந்தா கல்லூரி போன்ற பெயர் பெற்ற பாடசாலைகள் உண்டு. உங்கள் பக்கம் ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரி போன்றவை உண்டு. அவற்றுக்குப் பக்கத்தில் வீடு உள்ள பிள்ளைக்கு அது வாய்ப்பு. பூநகரியிலோ துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ உட்கிராமத்தில் இருக்கிற பிள்ளைக்கும், மேற்பிரிவு லயத்தில் இருக்கிற பிள்ளைக்கும் அது பெயர்ப்பலகை மட்டும்தான்.

பாடசாலைக்கு 1 ஏபி என்று பெயர் இருந்தாலும் போதாது. உயர்தரக் கணிதப் பிரிவு என்றால் மூன்று பாடங்கள்: இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். மூன்றுக்கும் மூன்று பட்டதாரி ஆசிரியர்கள் வேண்டும். ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனால் அந்தப் பிரிவே நொண்டும். இணைந்த கணிதம் என்பது இரண்டு வினாத்தாள்கள் கொண்ட பெரிய பாடம். முதலாம் தாளில் அட்சரகணிதம், திரிகோணகணிதம், வகையீடு, தொகையீடு, ஆள்கூற்றுக் கேத்திரகணிதம். இரண்டாம் தாளில் காவிகள், நிலையியல், இயக்கவியல், நிகழ்தகவு, புள்ளிவிபரவியல். இதை ஆசிரியர் இல்லாமல் பாடக்குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தானாகப் படிக்க முடியாது. ஒன்று இரண்டு பேர் படித்திருக்கலாம். எல்லோராலும் முடியாது.

ஆசிரியர்கள் ஏன் கிடைப்பதில்லை? பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலும் வவுனியா கல்வியியற் கல்லூரியிலும் பயிற்சி பெற்று வருகிறவர்கள் பெரும்பாலும் கீழ் வகுப்புகளுக்கும் இடைநிலை வகுப்புகளுக்கும்தான் போகிறார்கள். உயர்தரக் கணிதத்துக்கு, பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடத்தைப் படித்தவர் வேண்டும். அப்படிப் படித்தவருக்கு வங்கியும் கம்பியூட்டர் கம்பனியும் கதவு திறந்து வைத்திருக்கின்றன. ஆசிரியத் தொழிலுக்கு வந்தாலும், வெளியூர்க்காரர் கஷ்டப் பிரதேசத்தில் சேவைக் காலம் முடிந்ததும் சொந்த ஊருக்கு இடமாற்றம் கேட்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. நம் ஊரிலிருந்தே கணிதம் படித்துப் போனவர் இருந்தால்தான் நம் ஊருக்குத் திரும்பி வருவார். படிக்க வகுப்பு இல்லாததால் அப்படிப் போனவர் இல்லை. போனவர் இல்லாததால் திரும்பி வருகிற ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லாததால் வகுப்பு இல்லை. இந்தச் சங்கிலி ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

இன்னொரு சங்கிலியும் இருக்கிறது. அது சின்னது. அதை நாம் அறுக்கலாம். அதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு பாடசாலையில் கணிதப் பிரிவு தொடங்கச் சொல்லிக் கேட்டோம். "எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்கள். மூன்று பேர் என்றோம். "மூன்று பேருக்கு மூன்று ஆசிரியர்களைத் தர முடியுமா?" என்றார்கள். கேட்டவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஏன் மூன்று பேர்? ஆசிரியர் வரமாட்டார் என்று பெற்றோர் முன்பே முடிவு செய்து, மற்றப் பிள்ளைகளைக் கலைப்பிரிவில் சேர்த்துவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை என்று ஆசிரியரைத் தருவதில்லை. ஆசிரியர் இல்லை என்று பிள்ளைகள் சேர்வதில்லை. இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க, நடுவில் வருஷங்கள் போகின்றன.

அந்த முதல் வருஷம் எங்களுக்குத் தோல்விதான். கஷ்டப்பட்டு ஒரு ஆசிரியரைப் பெற்றோம். ஐந்து பிள்ளைகள் சேர்ந்தார்கள். நடு வருஷத்தில் அவருக்கு இடமாற்றம் வந்தது. பதிலுக்கு ஆள் வரவில்லை. நால்வர் பிரிவு மாறினார்கள். ஒரு வருஷப் படிப்பு வீணாகியது. அந்த நான்கு வீட்டுக்கும் போய் முகம் கொடுக்க எங்களால் முடியவில்லை. இடமாற்றக் கடிதம் வந்த பிறகு ஓடினோமே தவிர, வருவதற்கு முன்பு நாங்கள் ஒரு வரி எழுதவில்லை. அது எங்கள் பிழை.

அடுத்த முறை வேறு மாதிரிச் செய்தோம். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னமே, பக்கத்துப் பக்கத்து மூன்று பாடசாலைகளில் பத்தாம், பதினோராம் ஆண்டுகளில் கணக்கு நல்லாச் செய்கிற பிள்ளைகளின் பெயர்களை எடுத்தோம். வீடு வீடாகப் போனோம். எந்தப் பாடசாலை என்று சண்டை பிடிக்காமல், பஸ் வசதி உள்ள ஒன்றில் எல்லோரும் சேர்வதென்று பெற்றோர் ஒப்புக்கொண்டார்கள். மூன்று பாடசாலைகளின் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்தன. அந்தக் கடிதம் வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் போனது. பிரதி மாகாணக் கல்வித் திணைக்களத்துக்குப் போனது. இந்த முறை "மூன்று பேருக்கா?" என்று யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் கடிதத்தில் பதினொரு பெயர்கள் இருந்தன. இரண்டு ஆசிரியர்கள் வந்தார்கள். மூன்றாவது பாடத்துக்கு இன்னொரு பாடசாலை ஆசிரியர் கிழமையில் இரண்டு நாள் வந்து படிப்பித்தார். எல்லாப் பிள்ளைகளும் பல்கலைக்கழகம் போகவில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் பரீட்சை எழுதினார்கள். வகுப்பு இன்றைக்கும் நடக்கிறது. அதுதான் எங்களுக்குப் பெரிய காரியம்.

வன்னியில் படிப்பு எப்போதும் லேசாகக் கிடைத்ததில்லை. 1996இல் கிளிநொச்சி நகரமே இடம்பெயர்ந்தது. மர நிழலிலும் கொட்டிலிலும் வகுப்பு நடந்தது. குப்பி விளக்கில் படித்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்தபோது இலட்சக்கணக்கான சனம் செட்டிகுளம் முகாம்களில் இருந்தது. அந்த ஆகஸ்ட் மாதத்திலேயே முகாமில் இருந்த பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்கு உட்கார்ந்தார்கள். கூடாரத்திலிருந்து போய்ப் பரீட்சை எழுதிய பிள்ளைகளைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆகவே "நம்ம பிள்ளைங்களுக்கு இதெல்லாம் முடியாதுங்க" என்று யாரும் சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும்.

இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியாவில் 2021ஆம் ஆண்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. பொறியியல் பீடத்தின் கட்டடம் எங்கள் பிள்ளைகளுக்குப் பஸ்ஸிலிருந்தே தெரிகிறது. நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகள் வந்து அங்கே படிக்கிறார்கள். ஆனால் உள்ளே போக இணைந்த கணிதம் வேண்டும். பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கு அந்த வகுப்பு இல்லை என்றால், வாசலில் வீடு இருந்தும் உள்ளே போக வழியில்லை.

பல்கலைக்கழக அனுமதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படி கொடுக்கப்படுகின்றன. 55 வரையான இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகைப்படி பிரிக்கப்படுகின்றன. மிச்சம் 5, கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா இருக்கின்றன. உங்கள் நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மாவட்டங்களும் இருக்கின்றன. எழுபதுகளில் தரப்படுத்தல் என்று தொடங்கிய காலத்தில் தமிழ் மாணவர்களுக்குப் பெரிய அநியாயம் நடந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அது பலத்த அடி. ஆனால் பிறகு வந்த மாவட்ட முறை வன்னி போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒரு வழியைத் திறந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாவட்டத்துக்கு இடம் ஒதுக்கினால் மட்டும் லயத்துப் பிள்ளைக்கு இடம் வந்துவிடாது. பரீட்சை எழுதினவர்கள் நடுவில்தான் அந்த இடம் பகிரப்படும். கணிதப் பிரிவில் பரீட்சை எழுத நம் பிள்ளை இல்லை என்றால், அந்த இடத்துக்கு வரிசையில் நிற்கவே நம் ஆள் இல்லை என்று அர்த்தம்.

சரி, செய்ய வேண்டியது என்ன? நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

முதலாவது, நாற்றுமேடையில் கவனிக்காத தேயிலைக் கன்றை மலையில் நட்ட பிறகு கவனித்து என்ன பிரயோசனம்? கணக்கும் அப்படித்தான். ஆறாம் ஆண்டில் பின்னமும் எட்டாம் ஆண்டில் சமன்பாடும் விளங்காத பிள்ளை பதினோராம் ஆண்டில் டியூசனுக்குப் போய்ப் பிடிக்க முடியாது. எட்டாம் ஆண்டிலேயே ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள்: "எம் புள்ள கணக்குல எப்படிங்க?" உங்களுக்கு எழுத வாசிக்கத் தெரியாவிட்டாலும் கேட்கலாம். கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைந்தால் உடனே பிடிக்கிறீர்களே, கழிவு எவ்வளவு என்று மனதில் கணக்குப் போடுகிறீர்களே, நீங்களா கணக்குத் தெரியாதவர்கள்?

இரண்டாவது, சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வருகிற வரைக்கும் உள்ள மாதங்கள். நம் பிள்ளைகளை நாம் இழப்பது இந்த மாதங்களில்தான். "சும்மாதானே இருக்கான்" என்று கொழும்புக் கடைக்கு அனுப்புகிறோம். கையில் காசு பார்த்த பிள்ளை திரும்பி வருவதில்லை. பெறுபேறு ஏ என்று வருகிறபோது பிள்ளை புறக்கோட்டையில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கும். குடும்பக் கஷ்டம் எங்களுக்குத் தெரியாதது அல்ல. ஆனாலும் கணக்கு நல்லாச் செய்த பிள்ளையையாவது அந்த மாதங்களில் வீட்டில் நிறுத்துங்கள். தோட்டத்தில் படித்த அண்ணன்மார், அக்காமார் இருந்தால் பிள்ளைமடுவத்திலோ வாசிகசாலையிலோ மாலையில் ஒரு மணித்தியாலம் சொல்லிக் கொடுக்கட்டும். சாதாரண தரக் கணிதத்துக்கும் உயர்தரக் கணிதத்துக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. அதைத் தாண்ட இந்த மாதங்கள்தான் பாலம்.

மூன்றாவது, தனியாகப் போகாதீர்கள். ஒரு தகப்பன் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனால், "அடுத்த கிழமை வாங்க" என்று சொல்லி அனுப்பலாம். பத்துத் தகப்பன்மாரும் தாய்மாரும் கையெழுத்து வைத்த கடிதத்தை அப்படி அனுப்ப முடியாது. கடிதத்தில் பிள்ளையின் பெயர், பாடசாலை, கணிதப் புள்ளி, வீட்டுக்கும் வகுப்புக்கும் உள்ள தூரம், இவை இருக்கட்டும். கெஞ்சி எழுத வேண்டியதில்லை. விபரத்தை எழுதுங்கள். வந்த ஆசிரியருக்கு இடமாற்றம் வரும் காலத்தையும் தெரிந்து வைத்துக்கொண்டு, ஆறு மாதம் முந்தியே பதில் ஆளைக் கேளுங்கள். அவருக்கு இருக்க ஒரு நல்ல அறையையும் பாருங்கள்.

நான்காவது, பெண் பிள்ளைகள். பஸ் பயம் உண்மையான பயம்தான். அதற்கு மருந்து பிள்ளையை மறிப்பது அல்ல. நான்கு பிள்ளைகள் சேர்ந்து போகட்டும், முறை வைத்து ஒரு பெரியவர் சந்திக்கு வந்து நிற்கட்டும். விடுதி உள்ள பாடசாலையாக இருந்தால் விடுதியைக் கேளுங்கள்.

ஐந்தாவது, பிள்ளையை வேறு மாவட்டத்துப் பாடசாலைக்கு மாற்றுவதற்கு முன் விசாரியுங்கள். எந்த மாவட்டத்தின் பெயரில் பல்கலைக்கழக இடம் கிடைக்கும் என்பது, பிள்ளை எங்கே எத்தனை வருஷம் படித்தது என்பதைப் பொறுத்தது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் இது தெளிவாக இருக்கிறது. அதிபரிடம் கேட்டால் காட்டுவார்.

கடைசியாக, கணிதப் பிரிவு கிடைக்கவில்லை என்றால் அதோடு வாழ்க்கை முடிந்தது என்று பிள்ளையைப் பேசாதீர்கள். 2013இல் இருந்து உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. எல்லாப் பிள்ளையும் கணிதம் படிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. விரும்புகிற பிள்ளைக்கு அது கிடைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம். வேண்டாம் என்று பிள்ளை சொல்லலாம். பஸ் சொல்லக்கூடாது.

சகோதர சகோதரிகளே, இலவசக் கல்வி இந்த நாட்டுக்கு 1945இல் வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் முழுமையாகப் பொறுப்பெடுக்க அதற்குப் பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் போனது. அந்த முப்பது வருஷத்தை நமக்குத் திருப்பித் தர யாராலும் முடியாது. இன்றைக்கு எட்டாம் ஆண்டில் இருக்கிற பிள்ளைக்கு உயர்தரம் தொடங்க மூன்று வருஷந்தான் இருக்கிறது. அந்த மூன்று வருஷமும் நம் கையில் இருக்கிறது.

ஆகவே இன்று இங்கிருந்து போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தோட்டத்தில், உங்கள் பிரிவில், கணக்கு நல்லாச் செய்கிற பிள்ளைகள் யார் யார் என்று ஒரு கொப்பியில் பெயர் எழுதுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை நாங்கள் வரும்போது அந்தக் கொப்பியைப் பார்க்க வேண்டும். அதில் உள்ள பெயர்களைக் கொண்டுதான் கடிதம் எழுத வேண்டும்.